ஒன்பதாம் திரை

எனக்குக் கம்ப்யூட்டர் மௌஸ் பிடிக்காது, இன்ஸ்பெக்டர் மேடம். அதை மேஜை ஓரமாகத் தள்ளி வைத்துவிட்டுத்தான் உட்காருவேன். தேநீர் கிளாஸ் வைக்க இடம் வேண்டுமே.

கட்டுப்பாட்டு அறைக் கம்ப்யூட்டரில் நான் போட்டிருந்தது ஒரு சின்ன விண்டோ மேனேஜர், அதாவது விண்டோக்களைத் திரையில் அடுக்கித் தரும் மென்பொருள். திறந்தால் வெறும் கறுப்புத் திரை. படம் கிடையாது, பட்டன் கிடையாது. ஒரு விசையை அழுத்தினால் ஒரு விண்டோ திரை முழுக்க விரியும். இன்னொன்றைத் திறந்தால் இரண்டும் சரிபாதியாகப் பிரிந்துகொள்ளும். ஒன்றன் மேல் ஒன்று ஏறாது. இப்படி ஒன்பது திரைகள், எண்ணைத் தட்டினால் மாறும். எல்லாக் கட்டளைகளும் சேர்த்து ஒரே ஒரு கோப்பு, இருநூற்றுப் பதினான்கு வரி, முழுவதும் நான் எழுதியது. அதைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம், மேடம். அவ்வளவு நிம்மதி.

என் ஷிஃப்டுக்குப் பிறகு வரும் தனூத்தாவுக்கு அது ஆகவே ஆகாது. "இதுல எங்க அமுக்குறதுன்னே தெரியல. உன் பொண்டாட்டி ஏன் ஓடிப்போனான்னு இப்பத்தான் புரியுது வித்தெக்" என்பாள். அவளுக்கென்று பழைய திரையைத் தனியாக விட்டு வைத்திருந்தேன்.

எங்கள் க்ருயெட்ஸ் ஊர்ப் பக்கம் ஆப்பிளை விட்டால் வேறென்ன இருக்கிறது. எங்கள் கிடங்கில் பதினாறு அறைகள். கதவை அடைத்து நைட்ரஜனை விட்டு ஆக்ஸிஜனை இறக்கிவிட்டால், அக்டோபரில் பறித்த பழம் மே வரை வாடாது. அதற்குள் மனிதன் போனால் இரண்டு மூச்சில் சுருண்டு விழுவான், சில நிமிடத்தில் உயிர் போய்விடும். ஓர் ஆள் தவழ்ந்து நுழையும் அளவுக்குக் கதவில் ஒரு மூடித் துவாரம் உண்டு; அது ஒரு நிமிடத்துக்கு மேல் திறந்திருந்தால் என் கம்ப்யூட்டரில் மஞ்சளாக ஒரு எச்சரிக்கை விண்டோ குதிக்கும். அதில் இருக்கும் ஹாரனை நான் அழுத்தினால்தான் தரம்பிரிக்கும் கொட்டகையிலிருந்து ஆட்கள் ஓடி வருவார்கள். முன்பெல்லாம் ஹாரன் தானாகவே அலறும். தொட்டதற்கெல்லாம் அலறுகிறது என்று முதலாளிதான் அப்படி மாற்றச் சொன்னார்.

அந்த மஞ்சள் விண்டோவுக்கு நேரம் காலம் கிடையாது. ஈரம் பட்டால் வரும், காற்று அடித்தால் வரும், ஒரு நாளைக்கு நாற்பது தடவை வரும். என் இரண்டு பாதிகளின் நட்டநடுவில், கோணலாக வந்து நிற்கும். எனக்குப் பயம், மேடம். வெளிப்படையாகவே சொல்கிறேன். திடீரென்று ஒன்று முன்னால் வந்து நின்றால் நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளிவிடுவேன். நவம்பரில் என் கோப்பில் ஒரு வரி எழுதினேன். மஞ்சளாக எது வந்தாலும் ஓசைப்படாமல் ஒன்பதாம் திரைக்குப் போய்விட வேண்டும். ஒவ்வொரு தடவையும் திரைக்கு அடியில் உள்ள பட்டையில் 9 என்ற எண் மட்டும் கொஞ்ச நேரம் சிவந்து அடங்கும். என்னைப் போல இதைப் பயன்படுத்துகிற எவரும் செய்கிற காரியம்தான்.

முதல் வாரம் ஒன்பதாம் திரையைப் போய்ப் பார்த்து வந்தேன். அப்புறம் போகவில்லை. உள்ளே எத்தனை சேர்ந்திருக்கும். நூறா, ஆயிரமா, யாருக்குத் தெரியும்.

அன்று செவ்வாய்க்கிழமை. செவ்வாய்தோறும் எங்கள் கிடங்கு ஆள் இக்நாட்ஸி துவாரம் வழியாக நீளக் கம்பில் வலை கட்டி, மாதிரிக்குப் பழம் எடுப்பார். ஐம்பத்தொரு வயது, நல்ல மனிதர், பன்றிக்கொழுப்பு தடவிய ரொட்டியில் எனக்கும் பாதி கொடுப்பார். பத்து மணிவாக்கில் வந்து, ஏழாம் அறைக்குள் கம்பு நழுவி விழுந்துவிட்டது என்றார். ஆக்ஸிஜன் முகமூடியும் துணைக்கு ஓர் ஆளும் இல்லாமல் உள்ளே போகக் கூடாது. ஆனால் அதையெல்லாம் கேட்டால் முதலாளி கத்துவார்.

"மூச்சப் புடிச்சுக்கிட்டுப் போயி எடுத்துட்டு வந்துர்றேன்பா. நீ கம்ப்யூட்டர விட்டுக் கண்ண எடுக்காத. மஞ்சளா ஏதாச்சும் வந்துச்சுன்னா ஹாரன அடி, என்ன?"

சரி என்றேன். ஒன்பதாம் திரை விஷயத்தைச் சொல்லியிருக்கலாம். வெட்கமாக இருந்தது.

கொஞ்ச நேரத்தில் 9 சிவந்தது. அதைப் பார்த்தேனா என்று மூன்று முறை கேட்டுவிட்டீர்கள். பார்த்தேன். விசைமேல் விரலும் வைத்தேன். அழுத்தினால் இத்தனை மாதம் அடைத்து வைத்ததெல்லாம் ஒரே நேரத்தில் என் முகத்துக்கு நேரே வந்து நிற்கும். அந்தக் கூட்டத்தில் இக்நாட்ஸியுடையது எது என்று நான் எப்படித் தேடுவேன்? கை வரவில்லை. அடிப்பட்டையை மறைக்கவும் ஒரு விசை உண்டு. அதை அழுத்தினேன். திரை சுத்தமானது.

அந்த நேரம் பார்த்துத் தனூத்தா எட்டிப் பார்த்தாள். சம்பளச் சீட்டு வாங்க வந்தாளாம். "இக்நாட்ஸி எங்க? டீ ஆறிக் கெடக்கு" என்றாள்.

"தம் அடிக்கப் போயிருக்காரு" என்றேன்.

அவள் போன பிறகும் என் இரண்டு பாதிகளையும் பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன். கவனக்குறைவு என்று எழுதிவிடாதீர்கள், மேடம். என்னைப் போலக் கவனமான ஆள் அந்தக் கிடங்கிலேயே கிடையாது.

இக்நாட்ஸி உள்ளே போய்ப் பதினோரு நிமிடம் கழித்துத்தான் ஆட்களைக் கூப்பிட்டேன். திரையில் கடிகாரமே இல்லையே, பதினோரு நிமிடம் என்று எப்படித் தெரியும் என்கிறீர்கள். வாய்க்குள் எண்ணிக்கொண்டிருந்தேன். இனிமேல் எந்த மஞ்சளுக்கும் அவசரமில்லை என்று தெரிகிறவரை எண்ணினேன். அதற்குப் பிறகுதான் பயம் விட்டது.