சுமதியின் கல்யாணப் பத்திரிகை

தொலைந்த அடையாள அட்டைக்குப் புகார் கொடுக்க ஈப்போவில் ஒரு போலீஸ் நிலையத்தில் காத்திருந்தேன். பின் வரிசையில் இரண்டு பெண்கள்.

"என் மக சுமதிக்குக் கல்யாணம்னு அடுத்தவங்க சொல்லித்தான் எனக்கே தெரியும்லா" என்றாள் மூத்தவள்.

"எப்படிக்கா?"

"வாட்சப்ல ஒரு பத்திரிகை வந்துச்சு. கல்யாணப் பத்திரிகைய தொறக்காம விட்டா மரியாதையா? தொறந்தேன். அது ஏமாத்து வேல, என் போனு எவனோ ஒரு திருடன் கைக்குப் போயிருச்சு. அதே பத்திரிகைய என் நம்பர்லேர்ந்து எங்க பழைய எஸ்டேட் ஆளுங்க எல்லாருக்கும் அனுப்பிட்டான்."

"பேங்குக்குப் போன் அடிச்சீங்களா?"

"உடனே அடிச்சு என் கணக்கப் பூட்டச் சொல்லிட்டேன். என் காசு தப்பிச்சிருச்சு. அதைத் தொறந்தவங்க காசுதான் போச்சு."

"அப்ப அவங்களையும் வந்து ரிப்போட் போடச் சொல்லுங்க."

"எந்த முகத்த வச்சுக்கிட்டுச் சொல்றது? யாரும் என் போன எடுக்க மாட்டேங்கிறாங்க."



"என்னா ஏதுன்னு பாக்காம அவங்க ஏன் தொறந்தாங்க?"

"என் நம்பர்லேர்ந்து வந்ததால சுமதி கல்யாணம்னே நெனச்சுட்டாங்க. அவளுக்கு முப்பத்தொம்பது வயசாச்சு. கடைசில அவளுக்கும் ஒரு வழி பொறந்துச்சேன்னு சந்தோஷத்துல தொறந்துட்டாங்க. சில பேரு அவளுக்கே போன் போட்டு வாழ்த்திருக்காங்க. மாப்பிள எந்த ஊருன்னு கேட்டிருக்காங்க. ரெண்டு நாளா அவ ரூம்ப விட்டு வெளிய வரல."

அவர்களுடைய எண்ணைக் கூப்பிட்டார்கள்.

"உங்களுக்கு என்ன போச்சுன்னு கேப்பாங்கக்கா. சரியாச் சொல்லுங்க."

"ஒன்னும் போகலன்னுதான் சொல்லணும்" என்று மூத்தவள் எழுந்து போனாள்.