பதினாலாம் நம்பர் வீட்டுச் சுவர்

அக்கா: ...கையெழுத்து மட்டும் போடு. அதப் படிச்சு நீ என்ன பரீட்சையா எழுதப் போற?

தம்பி: ஸ்கூல்ல என் ரேங்க் கார்டுல அப்பா கையெழுத்த நீ போட்டுக் குடுத்தியே... அன்னையிலேருந்து நீ நீட்டற காகிதம்னா எனக்கு உதறல்.

அக்கா: அது உன்ன அடிலேருந்து காப்பாத்த.

தம்பி: இது?

அக்கா: இதுவும்தான்.

தம்பி: 'மரச்சட்டம் பொருத்திய குழுவின் கவனக்குறைவால் பதினான்காம் எண் வீட்டின் சமையலறை அலமாரி சுவரிலிருந்து விழுந்தது.' பிரமாதம். குழுன்னா யாரு? நான். கவனக்குறைவுன்னா யாரு? அதுவும் நான். இதுல உன் சாஃப்ட்வேர் எங்க இருக்கு, தேடறேன் தேடறேன்... காணோம்.

அக்கா: சாஃப்ட்வேர் ஸ்க்ரூ முடுக்கலடா.

தம்பி: முடுக்கத் தெரியாது. அடுத்தவன எப்படி முடுக்கறதுன்னு மட்டும் நல்லாத் தெரியும்.

அக்கா: பதினோரு மணிக்கு மேனேஜர் இந்த ரூமுக்கு வர்றாரு. கையெழுத்து இருந்தா ஒரு எச்சரிக்கையோட முடிஞ்சிடும். இல்லன்னா விசாரணை. உன்னையும் உன்கூட இருக்கற ஆறு பேரையும் வெளிய அனுப்பிட்டுத்தான் விசாரணையே ஆரம்பிப்பாங்க.

தம்பி: உன்ன உள்ள உட்கார வெச்சுக்கிட்டு.

அக்கா: நான் டிசைன் பிரிவு.

தம்பி: ஆமா, கடவுளுக்கு அடுத்த பிரிவு.

அக்கா: நக்கலுக்கு ஒண்ணும் குறைச்சல் இல்ல. அந்த வீட்டம்மாவுக்கு ரெண்டு கால்விரல் உடைஞ்சிருக்கு. குடிவந்து ஒன்பது நாள். தட்டு எடுக்கலாம்னு கதவத் திறந்திருக்காங்க, அலமாரியே கையோட வந்திருக்கு...

தம்பி: தெரியும். பார்த்துட்டு வந்தேன்.

அக்கா: எங்க?

தம்பி: ஆஸ்பத்திரில. நேத்து. அந்தம்மா என்னையே சமாதானப்படுத்தறாங்க. வீட்ட நீங்க நல்லாத்தான் கட்டியிருக்கீங்க தம்பி, நான்தான் தட்ட அதிகமா அடுக்கிட்டேன்னு.

அக்கா: அப்ப ஏன்டா அந்தச் சுவர்ல குறுக்குக் கட்டை இல்ல?

தம்பி: என்னையா கேக்கற? மரச்சட்டத்துச் சுவர். ரெண்டு நெட்டுக் கட்டைக்கு நடுவுல வெறும் காத்து. மேல மூடற பலகை பிஸ்கட் மாதிரி. அதுல அலமாரி தொங்கணும்னா பின்னாடி குறுக்க ஒரு கட்டை வேணும். அத இதுவரைக்கும் யாரும் வரைஞ்சதுமில்ல, ஆர்டர் பண்ணதுமில்ல. அறுத்தது போக மிச்சம் கிடக்கற துண்டத் தூக்கி வெப்போம், அவ்வளவுதான். இப்ப உன் சாஃப்ட்வேர் கஞ்சன் வந்துட்டானே.

அக்கா: அதுக்குப் பேரு இருக்கு.

தம்பி: எங்க பசங்க வெச்ச பேரு கஞ்சன்தான். ஃபேக்டரிலயே அளந்து, அறுத்து, நம்பர் ஸ்டிக்கர் ஒட்டி அனுப்பிடறான். துண்டுன்னு ஒண்ணு விழறதே இல்ல. பல்லு குத்த குச்சி வேணும்னாக்கூடப் பக்கத்து சைட்டுக்குத்தான் போகணும்.

அக்கா: கடையில வாங்கின சாமான் இல்லடா அது. நானும் நாலு பேரும் இங்கயே உட்கார்ந்து மூணு வருஷமா எழுதினது. ஆறு நாள் வேலை ரெண்டு நாள்ல முடியுது. மரம் பதினெட்டு சதவீதம் மிச்சம். அதுக்கு முன்னாடி கதவு ஒரு பக்கம், நிலை ஒரு பக்கம்னு நாலு பேர் நின்னு இழைச்சுக்கிட்டு இருப்பீங்க. மறந்துட்டியா?

தம்பி: சட்டம் நல்லாப் பொருந்துது. அத நான் இல்லேன்னு சொன்னதே கிடையாது.

அக்கா: ஆமான்னும் சொன்னது கிடையாது.

தம்பி: சொன்னா நீ தாங்க மாட்ட.

அக்கா: போதும். துண்டே விழறதில்லன்னு சொன்னல்ல... அப்ப முதல் பதிமூணு வீட்டுக்குக் குறுக்குக் கட்டை எங்கேருந்து வந்துச்சு?

தம்பி: எந்தப் பதிமூணு?

அக்கா: நேத்து பூரா வீடு வீடாப் போயி ஒவ்வொரு அலமாரியையும் இழுத்துப் பார்த்தேன். தொங்கியே பார்த்தேன்னு வெச்சுக்கோ. ஒண்ணும் அசையல.

தம்பி: நீ தொங்கியும் விழலையா? அப்ப வேலை சுத்தம்தான்.

அக்கா: பேச்ச மாத்தாத. சேதாரப் பட்டியல் என் மேசைக்குத்தான் வரும். ஒண்ணாம் நம்பர் வீடு, மூணு பலகை வெடிப்பு, மாத்து வேணும். ரெண்டாம் நம்பர், மூணு பலகை வெடிப்பு. இப்படியே பதிமூணு வரைக்கும், மூணு மூணா. உலகத்துலயே ஒழுங்கா வரிசைல நின்னு வெடிக்கற மரம் நம்ம மரம்தான்.

தம்பி: ஈர மரம்க்கா... காயக் காய...

அக்கா: பதினாலுக்கு ஒண்ணுகூட வெடிக்கல. பதினஞ்சுக்கு மறுபடி மூணு. பதினாலுல கட்டை வெக்க மறந்துட்டேன்னு சொல்லு. நம்பறேன்.

தம்பி: மறக்கல.

அக்கா: அப்ப?

தம்பி: உனக்குப் பாராட்டு விழா வெச்சாங்களே. நீ முன் வரிசை. நாங்க ஏழு பேரும் பின்னாடி சுவரோரமா நின்னுக்கிட்டிருந்தோம். மேனேஜர் மைக்கப் பிடிச்சு என்ன சொன்னாரு? இனிமே ஸ்டிக்கர் படிக்கத் தெரிஞ்சாப் போதும், வேலை தெரியணும்னு அவசியமே இல்லன்னாரு. எல்லாரும் சிரிச்சாங்க. நீயும் சிரிச்ச.

அக்கா: அது... ஒரு மரியாதைக்குச் சிரிச்சதுடா.

தம்பி: யாரோட மரியாதைக்கு? மறுநாள்தான் பதினாலு ஆரம்பிச்சோம். ஸ்டிக்கர்ல இருக்கறத மட்டும் பொருத்துங்கடா, ஒரு ஆணி கூடக் கூடாதுன்னுட்டேன். குடிவர்றதுக்கு முன்னாடி சோதனை நடக்குமே, அப்ப அலமாரி கையோட வரும், மேனேஜர் மூஞ்சியப் பார்க்கணும்னு ஆசை. சோதிக்க வந்தவன் கதவத் திறந்தான், மூடினான், டிக் அடிச்சான், போயிட்டான். காலி அலமாரி அப்படியே நின்னுடுச்சு. அதுக்கப்புறம் வாயத் திறக்க எனக்குத் தைரியம் வரல.

அக்கா: எத்தனை நாளா?

தம்பி: மூணு வாரம். தினம் அந்த வீட்டத் தாண்டித்தான் போறேன், வர்றேன்.

அக்கா: வெட்கமா இல்ல?

தம்பி: இருக்கு. குனிஞ்சு கையெழுத்துப் போடற அளவுக்கு இருக்கு. ஆனா அதுக்கு முன்னாடி ஒரு கேள்வி.

அக்கா: கேள்வி கேக்கற நிலைமையிலயா இருக்க நீ?

தம்பி: சமையலறைச் சுவருக்கு வர்ற ஸ்டிக்கர் அறுபத்தொண்ணு வரைக்கும் வரிசையா இருக்கு. அடுத்தது எழுபத்துநாலு. நடுவுல பன்னெண்டு நம்பரக் காணோம். முதல் வீட்டப்பவே லாரிய நிறுத்தி வெச்சுத் தேடினேன். ஃபேக்டரிக்குப் போன் போட்டா, அப்படித்தான் வரும், உங்க அக்கா சொல்லியிருக்காங்கன்னான்.

அக்கா: நம்பர் வரிசைலாம்... அது பல காரணத்துனால...

தம்பி: நான் அந்தச் சுவருக்கு வெக்கற குறுக்குக் கட்டையும் பன்னெண்டுதான். கஞ்சனுக்குத் தெரிஞ்சிருக்கு. அவன் கேட்டுத்தான் இருக்கான். யாரோ அழிச்சிருக்காங்க.

அக்கா: கதவச் சாத்து.

தம்பி: சாத்தித்தான் இருக்கு.

அக்கா: உன் சைட்டுல ஒரு வாரம் நின்னேனே, நீ செய்யறதப் பார்த்து நான்தான் அந்தப் பன்னெண்டையும் உள்ள போட்டேன். இயக்கிப் பார்த்தா மர மிச்சம் பதினாறரை சதவீதத்துல நின்னுடுச்சு. மேல பதினெட்டுன்னு வாக்குக் குடுத்தாச்சு. அதுங்கள எடுத்தா சரியாப் பதினெட்டு. எடுத்துட்டேன்.

தம்பி: நான் வெடிச்ச பலகைன்னு சொல்லி வாங்கி, ஒவ்வொண்ணையும் நாலா அறுத்து வெச்சது கணக்குல வராதா?

அக்கா: சேதாரம் சதவீதத்துல சேராது.

தம்பி: ரொம்ப நல்லா இருக்கு. நான் பொய் சொல்லி வாங்கி வெச்ச கட்டையில உன் பதினெட்டு சதவீதம் தொங்கிக்கிட்டு இருந்திருக்கு. அதுக்கு மாலை உனக்கு, கவனக்குறைவு எனக்கு.

அக்கா: பேனாவக் குடு. அந்தக் காகிதத்தையும்.

தம்பி: கிழிக்கப் போறியா?

அக்கா: 'கவனக்குறைவு'ங்கறத அடிக்கறேன். அதுக்குக் கீழ நடந்தத எழுதறேன். முதல்ல என் பேரு, அப்புறம் உன் பேரு. இன்னிக்குள்ள எல்லா லிஸ்ட்லயும் அந்தப் பன்னெண்டும் திரும்ப ஏறிடும்.

தம்பி: பசங்க பேரு வேண்டாம்.

அக்கா: வேண்டாம்.

தம்பி: அக்கா...

அக்கா: என்ன? எழுத விடு, அந்த ஆளு வந்துடுவாரு.

தம்பி: மூணு மூணா வெடிச்சப்ப ஒரு வார்த்தை கேக்காம எல்லாத்தையும் பாஸ் பண்ணியிருக்க. அது கிடக்கட்டும். அந்தப் பன்னெண்ட அழிச்சியே, அன்னைக்கு... நான் வெக்காம விட்டா யார் தலைல விழும்னு கொஞ்சம்கூட யோசிக்கலையா நீ?

அக்கா: பதினெட்டு வருமான்னு யோசிச்சேன். மேனேஜர் கண்டுபிடிப்பாரான்னு யோசிச்சேன். நீ வெக்காம விடுவன்னு... எனக்குத் தோணவே இல்லடா.