தொடர்பில்லை என்று எழுதினேன்

கன்னத்தின் உட்புறத்தைப் பஞ்சுக் குச்சியால் தேய்த்து எடுத்தால் வலிக்காது. ஆனாலும் பெரும்பாலானவர்கள் கண்ணை மூடிக்கொள்வார்கள். அந்த அம்மா மூடவில்லை. முடிந்ததும், "அவ்வளவுதானா சார்? இதுக்கா காலைல இருந்து பச்சத்தண்ணி கூட குடிக்காம வந்தேன்" என்றார். நான் சிரித்துவிட்டேன். கடைசியாக எப்போது சிரித்தேன் என்று அன்று மாலை முழுவதும் யோசித்தும் ஞாபகம் வரவில்லை.

தடய அறிவியல் ஆய்வகத்தின் உயிரியல் பிரிவில் இருபத்திரண்டு வருடம் வேலை பார்த்தேன். ரத்தக்கறை, முடி, பல், எலும்பு எல்லாம் என் மேசைக்கு வரும். உயிரியல் என்று பெயர்தான். உயிரோடு யாரும் வருவதில்லை. வீட்டிலும் அப்படித்தான். மனைவி பிரிந்துபோனபோது சண்டை எதுவும் நடக்கவில்லை. பேசுவதற்கு ஒன்றுமில்லாமல் போனது, அவள் போனாள். இரண்டாவது நாற்காலியில் துவைத்த துணிகளைப் போட்டு வைத்தேன்.

அந்த அம்மா தையல்காரர். கணவர் இல்லை. மகன் வேறு ஊரில் குடும்பத்தோடு இருந்தான். பத்தொன்பது வயது மகள் ஒரு நாள் கணினி வகுப்புக்குப் போனவள் வீடு திரும்பவில்லை. அடையாளம் தெரியாத உடல் எங்கே கிடைத்தாலும் ஒப்பிட்டுப் பார்ப்பதற்காகத் தாயின் மாதிரியை எடுத்து வைத்தோம். தகவல் இருந்தால் காவல் நிலையத்திலிருந்து சொல்வார்கள் என்று சொல்லி அனுப்பினேன். அவர் கேட்கவில்லை. மாதம் ஒருமுறை நேரில் வந்தார். நான் அவரை விரட்டவில்லை.

என் அறையில் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருப்பார். ஜாக்கெட் கழுத்தைச் சரியாகச் சொல்லத் தெரியாத வாடிக்கையாளர்களைப் பற்றிச் சொல்வார். 'சார்' போய் 'தம்பி' வந்தது. நானும் 'அக்கா' என்றேன். ஒருமுறை என் சட்டைக் கைப்பட்டி பிரிந்திருப்பதைப் பார்த்து, கழற்றக்கூட விடாமல் கையிலேயே வைத்துத் தைத்தார். ஊசி படாமலிருக்க என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். அதற்கு முன் ஐந்து வருடமாக என்னை யாரும் தொட்டதில்லை. இதை அனுதாபத்துக்காகச் சொல்லவில்லை. காரணத்தைக் கேட்டீர்கள், அதனால் சொல்கிறேன்.

எட்டாவது மாதம் ஒரு கல்குவாரியிலிருந்து எலும்புகள் வந்தன. இடுப்பெலும்பு பெண் என்றது. கழுத்தடியில் இருக்கும் காறை எலும்பின் உள்முனை இன்னும் ஒட்டவில்லை, ஆகவே இளவயது. தொடை எலும்பு நாற்பத்திரண்டு சென்டிமீட்டர். கணக்குப் போட்டால் உயரம் ஐந்தடி இரண்டு. கடைவாய்ப்பல்லைப் பொடித்து டி.என்.ஏ. எடுத்தேன். ஒவ்வொரு இடத்திலும் இரண்டு எண்கள் வரும். ஒன்று அம்மா கொடுத்தது, ஒன்று அப்பா கொடுத்தது. இருபத்தொரு இடங்களைப் பார்த்தேன். இருபத்தொன்றிலும் அந்த அம்மா கொடுத்த எண் இருந்தது.

அறிக்கையைத் தட்டச்சு செய்து கையெழுத்துப் போட்டு வைத்திருந்தேன். அப்போதுதான் அவர் வந்தார். குவாரி செய்தியை எங்கேயோ கேட்டிருந்தார். உட்காரவில்லை.

"அது எம் பொண்ணு இல்லல்ல தம்பி?"

"இல்லக்கா."

அவர் முகம் எப்படி மாறியது என்று உங்களுக்குச் சொல்ல எனக்கு வார்த்தை இல்லை. நாற்காலியில் சரிந்து உட்கார்ந்து, தண்ணீர் கேட்டுக் குடித்துவிட்டு, "அப்ப அடுத்த மாசம் வரேன்" என்றார்.

ஒரு மாதம் தள்ளிப் போடலாம் என்றுதான் நினைத்தேன். ஆனால் கோப்பில் ஓட்டை இருக்கக் கூடாது. அறிக்கையைக் கிழித்தேன். என் கன்னத்தில் குச்சியை விட்டுத் தேய்த்து, உறையில் போட்டு, அவர் பெயர்ச் சீட்டை ஒட்டினேன். மறுபடி ஓட்டிப் பார்த்தேன். தொடர்பில்லை என்று வந்தது. இயந்திரம் பொய் சொல்லவில்லை. நானும் வந்த முடிவைத்தான் எழுதினேன்.

எலும்புகள் அட்டைப் பெட்டியில் போடப்பட்டு, அடையாளம் தெரியாதவை இருக்கும் வைப்பறைக்குப் போயின. அது என் அறைக்கு அடுத்த அறை. அக்கா எப்போதும் சாய்ந்து உட்காரும் சுவருக்கு அந்தப் பக்கம். தாயும் மகளும் தூரத்தில் இருந்தார்கள் என்று யாரும் சொல்ல முடியாது.

இரண்டாம் வருடம் மகன் அவரைத் தன்னோடு வந்து இருக்கும்படி கூப்பிட்டான். என்னிடம் கேட்டார். "விலாசம் மாறாம இருக்கறது நல்லதுக்கா. அவ தேடி வந்தா?" என்றேன். அவர் போகவில்லை. மகன் கோபித்துக்கொண்டு பேச்சை விட்டுவிட்டான். அதற்குப் பிறகு மாதம் இரண்டு முறை வர ஆரம்பித்தார்.

ஒவ்வொரு வருடமும் மகளின் பிறந்தநாளுக்கு ஒரு சுடிதார் தைப்பார். "இப்ப இருபத்திரெண்டு. வளந்திருப்பாளா தம்பி?" என்று கேட்டார் ஒருமுறை.

"அந்த வயசுக்கு மேல வளர மாட்டாங்கக்கா. அஞ்சடி ரெண்டுக்கே தைங்க."

"எப்படிச் சரியா சொல்றீங்க?" என்று ஆச்சரியப்பட்டார். அனுபவம் என்றேன்.

இப்படி ஆறு வருடம்.

போன மாதம் புதிதாகச் சேர்ந்த உதவியாளர் பழைய மாதிரிகளை மறுபடி ஓட்டிப் பார்த்தாள். துடிப்பான பெண். ஒரு தாளோடு என் மேசைக்கு வந்தாள்.

"சார், இந்த அம்மாவோட மாதிரியில ஆண் குரோமோசோம் வருது."

"சீட்டு மாறியிருக்கும்."

"நானும் அப்படித்தான் நினைச்சேன் சார். அதான் நம்ம ஆளுங்க பட்டியலோட ஒப்பிட்டேன்." தவறுதலாக எங்கள் உடம்பின் சுவடு மாதிரியில் கலந்துவிட்டால் கண்டுபிடிப்பதற்காக ஊழியர்கள் எல்லோருடைய டி.என்.ஏ.வும் பதிவில் உண்டு. அவள் தாளை என் முன் வைத்தாள். அதில் என் பெயர் இருந்தது. அழுதாள் என்று நினைக்கிறேன்.

அக்காவிடமிருந்து புதிதாக மாதிரி எடுத்தார்கள். முடிவு தெரிந்ததும் பெட்டியைக் கொண்டுவந்து என் அறையில் வைத்தே கொடுத்தார்கள். அவர் அதை மடியில் வைத்துக்கொண்டார்.

"எவ்வளவு நாளா இங்க இருக்கா?"

"ஆறு வருஷமாம்மா," என்றாள் உதவியாளர். "பக்கத்து ரூம்ல."

அக்கா திரும்பிச் சுவரைப் பார்த்தார். பிறகு என்னை.

"தெரியுமா தம்பி?"

"தெரியுங்கக்கா."

"நான் வந்த ஒவ்வொரு தடவையுமா?"

"ஒவ்வொரு தடவையும்."

அவர் திட்டவில்லை. பெட்டியை யாரிடமும் கொடுக்காமல், இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டு எழுந்து போனார். கதவைத் திறக்கப் போனேன். நான் நகரும்வரை நின்றுவிட்டு, பிறகுதான் வெளியே போனார்.

மாதிரியை மாற்றியது, பொய் அறிக்கை எழுதியது, தடயத்தை மறைத்தது எல்லாம் நான்தான். அந்தப் பெண்ணைக் கொன்றவன் யார் என்று இந்த ஆறு வருடம் யாரும் தேடவில்லை; அதற்கும் நானே காரணம். எங்கே கையெழுத்துப் போட வேண்டுமோ சொல்லுங்கள்.

ஒன்று மட்டும். சிறையில் என்னைப் பார்க்க அனுமதிக்க வேண்டியவர்கள் பெயரைக் கேட்டார்கள். ஒரே ஒரு பெயர்தான் எழுதிக் கொடுத்திருக்கிறேன். அக்கா வரும்போது வாசலில் காக்க வைக்காமல் உள்ளே விடச் சொல்லுங்கள். பாவம், அவருக்குப் பேச என்னை விட்டால் வேறு யார் இருக்கிறார்கள்?