சனாயேவுக்கு விரல் நீளம்

இல்லம்மா, அது தப்பு இல்லன்னு நான் எங்க சொன்னேன்? தப்புதான். ஒம்பதாவது அத்தியாயத்துல வாக்கியத்துக்குப் போட்ட அந்த மரப்படம் தப்புன்னு இலக்கணமே தெரியாத எனக்கே தெரியும். மொதல்ல கால உள்ள விடுங்க. போர்வைய இழுத்து மடியில போட்டுக்குங்க, மேசைக்கு அடியில ஹீட்டர் ஓடுது. டோக்கியோவுலேர்ந்து வர்றவங்க எல்லாரும் எங்க செண்டாய் குளிர்ல இப்பிடித்தான் வெறச்சுப் போவாங்க. டீ எடுத்துக்குங்க. இது எங்க ஊரு அரிசி மோச்சி, மேல பச்சையா இருக்கறது சோயாப்பயற வேகவெச்சு இடிச்சது. வேணாம்னு சொல்லாதீங்க. அவரு போனதுக்கப்பறம் இந்த வீட்ல எத வாங்கினாலும் மீந்து போவுது.

சரி, நீங்க வந்த விஷயத்த நான் சரியாப் புரிஞ்சுக்கிட்டேனா பாருங்க. எங்க வீட்டுக்காரரோட வாக்கிய இலக்கணப் புத்தகத்த உங்க பதிப்பகத்துல மறுபடி போடப் போறீங்க. நான் கையால வரைஞ்ச மரத்தையெல்லாம் எடுத்துட்டுக் கம்ப்யூட்டர்ல போடுவீங்க. ஒம்பதாவது அத்தியாயத்துப் பிழையத் திருத்துவீங்க. அப்பறம் வாக்கியத்துல எல்லாம் வர்ற சனாயேங்கற பேர எடுத்துட்டு, உங்க மத்த புத்தகங்க மாதிரியே தாரோ, ஹனாகோன்னு போடுவீங்க. அதுக்கு நான் சரின்னு முத்திரை குத்தணும். அவ்வளவுதானே? முத்திரைய எடுத்து வெச்சுட்டேன், அதோ டீப்பானை பக்கத்துல. ஓடிப் போகாது. சாப்பிடுங்க.

படத்த மாத்தறதுல எனக்கு ஒரு வருத்தமும் இல்லம்மா. நான் கல்யாணத்துக்கு முன்னாடி பாலம் கட்டற ஆபீஸ்ல படம் நகலெடுக்கற வேலை பாத்தவ. ஸ்கேலும் மூலைமட்டமும் மைப்பேனாவும்தான் என் சீதனம். அப்போ இருந்த டைப்ரைட்டர்ல எழுத்து அடிக்கலாம், சாய்வாக் கோடு இழுக்க முடியாது. இவரு ஒரு நாள் கோழி கிண்டின மாதிரி பென்சில்ல எதையோ கிறுக்கிட்டு வந்து, இத அழகா வரைஞ்சு தர்றியான்னாரு. என்னன்னு கேட்டேன். மரம்னாரு. வேரு மேல இருக்கு, கிளை கீழ தொங்குது, இது மரமா, வௌவாலான்னேன்.

சொல்லிக் குடுத்தாரு. வாக்கியம் முழுசும் மேல ஒரு புள்ளியா நிக்கும். அது ரெண்டாப் பிரியும், அது ஒவ்வொண்ணும் மறுபடி ரெண்டாப் பிரியும், கடைசில நுனியில வார்த்தை தொங்கும். அமெரிக்காக்காரன் வாக்கியத்த வரைஞ்சா மரம் வலப்பக்கம் எறங்கிப் போகும். நம்ம வாக்கியம் இடப்பக்கம் எறங்கும். அது ஏன்னு இன்னிக்கும் எனக்குத் தெரியாது, ஆனா தூரத்துலேர்ந்து பாத்தே எந்த ஊரு மரம்னு சொல்லிடுவேன். மேல இருக்கற புள்ளிக்குத் தாய்னு பேராம். அதுலேர்ந்து கீழ எறங்கறது மகளாம். பக்கத்துல பக்கத்துல இருந்தா சகோதரிங்களாம். இதுல அப்பா எங்கன்னு கேட்டேன். அப்பா கெடையாது, கோடு போடறதோட சரின்னாரு. கோடும் நான்தானே போடறேன்னேன். வயித்தப் புடிச்சுக்கிட்டு சிரிச்சாரு. அப்போல்லாம் அப்பிடிச் சிரிக்கறவருதான்.

இன்னொண்ணு உண்டு, முக்கோணம். ஒரு பகுதிய உள்ள பிரிச்சுக் காட்ட இஷ்டமில்லன்னா, அது மேல ஒரு முக்கோணம் போட்டு மூடிட்டுப் போயிடலாம். உள்ள என்னவோ இருக்கு, இப்ப கேக்காதேன்னு அர்த்தம். அவரே பின்னாடி ஒரு முக்கோணமாத்தான் ஆயிட்டாரு. காலேஜ்லேர்ந்து வருவாரு, குளிப்பாரு, சாப்பிடுவாரு, மாடிக்குப் போயிடுவாரு. பேசணும்னா எழுதிக் கொண்டாந்த மரத்த எங்கிட்ட குடுப்பாரு, அவ்வளவுதான் பேச்சு.

ஒம்பதாவது அத்தியாயத்துக்கு வர்றேன், அவசரப்படாதீங்க. ரயிலு சாயங்காலம்தானே? நாம பேசறப்ப பாதி நேரம் யாருன்னு சொல்றதே இல்ல, பாத்திருக்கீங்களா? சாப்டாச்சு, போயாச்சு, வந்தாச்சு. யாருன்னு கேக்கறவங்களுக்குத் தெரியும், விட்டுடறோம். ஆனா மரத்துல விட முடியாது. சொல்லாம விட்ட ஆளுக்கும் ஒரு கிளை வரைஞ்சே ஆகணும். கிளை வரும், நுனியில பேரு வராது, சின்னதா ஒரு வட்டம் மட்டும் போடணும். அந்த மாதிரி நான் எவ்வளவோ போட்டிருக்கேன். வாயால சொல்லலன்னாலும் அந்த ஆளுக்கு அங்க ஒரு எடம் இருக்குன்னு அவரு சொல்வாரு. வகுப்புலயும் அத மட்டும் கொஞ்சம் நிறுத்திச் சொல்வாராம்.

அந்த அத்தியாயத்து வாக்கியம் என்ன? வீட்டுக்கு வந்தாச்சு. அவ்வளவுதான். யாருன்னு இல்ல. அப்போ கிளை நுனியில வட்டம்தானே வரணும்? அவரு பென்சில்ல சனாயேன்னு எழுதியிருந்தாரு. நான் மாடிப்படியில நின்னுக்கிட்டுக் கேட்டேன், இங்க காலியால்ல இருக்கணும்? அவரு திரும்பிக் கூடப் பாக்கல. தெரியும், பேரயே போடுன்னாரு. போட்டேன்.

ஆமா, வேணும்னேதான். ஒரு கமா தள்ளி விழுந்தா அச்சகத்துக்கு ராத்திரியே போன் போட்டு உயிர எடுக்கற மனுஷன். கியோத்தோவுல ஒரு மாநாட்டுல சின்ன வயசு வாத்தியார் ஒருத்தர் எழுந்து இவரப் பாத்து, குராமோச்சி ஐயா, இல்லாத ஆளுக்கு நீங்களே பேரு வெச்சுட்டீங்களேன்னு கேட்டாராம். சபையே சிரிச்சுதாம். இவரு அச்சுப் பிழைன்னுட்டு உக்காந்துட்டாரு. வீட்டுக்கு வந்து சாப்பிடல. பாவம், அச்சுக் கோக்கறவரு, செய்யாத தப்ப எங்க ஆளு அவரு தலையில கட்டிட்டாரு. அடுத்த பதிப்பு வந்துது, மாத்தல. அதுக்கடுத்தது வந்துது, அப்பவும் மாத்தல. உங்க ஆபீஸ்ல இருந்த பெரியவங்களும் கேட்டுக் கேட்டு விட்டுட்டாங்க. அவரு இருந்த வரைக்கும் உங்களால முடியல, இப்ப எங்கிட்ட வந்திருக்கீங்க. கோவிச்சுக்காதீங்க, கிண்டலுக்குச் சொல்றேன்.

தாரோ, ஹனாகோ நல்ல பேருதான். எல்லா இலக்கணப் புத்தகத்துலயும் அந்த ரெண்டு பேருதானே? தாரோ ஹனாகோவ அடிச்சான். ஹனாகோவத் தாரோ அடிச்சான். தாரோவால ஹனாகோ அடிக்கப்பட்டா. வேற வேலையே கெடையாது அந்த ரெண்டுத்துக்கும். எங்க புத்தகத்தத் திருப்பிப் பாருங்க, சனாயேவ யாரும் அடிக்க மாட்டாங்க. ஒரு வாக்கியத்துல கூட. நீங்க கவனிச்சதில்லயா? நானும் ரொம்ப நாள் கழிச்சுத்தான் கவனிச்சேன்.

மொத அத்தியாயத்துல பால் குடிப்பா. அப்பறம் புதுச் செருப்பு போட்டுக்கிட்டுப் பள்ளிக்கூடம் போவா. மழையில குடைய மறந்துட்டு வருவா. ரெண்டாவது பதிப்புல சந்தையில முள்ளங்கி வாங்கறா. மூணாவது பதிப்புல தனியா ரயிலேறி டோக்கியோ போறா, அங்கேர்ந்து அம்மாவுக்கு போன் பண்றா. நாலாவது அத்தியாயத்துல, மத்தவங்க எல்லாம் ஏதாவது மிருகத்தோட வாலு நீளம், காது நீளம்னு எழுதற எடத்துல, இவரு சனாயேவுக்கு விரல் நீளம்னு எழுதியிருப்பாரு. அதான், உங்க வரிசைல எங்க புத்தகம் மட்டும் ஒரு மாதிரி இருக்குன்னு நீங்க சொல்றதுல நியாயம் இருக்கு.

மாணவருங்க என்ன நெனச்சாங்க தெரியுமா? வாத்தியாரோட பழைய காதலின்னு. ஒரு புத்தாண்டுக்கு வாழ்த்துச் சொல்ல வந்த பொண்ணு ஒண்ணு, சாக்கே உள்ள போன தைரியத்துல எங்கிட்டயே கேட்டுட்டா. அம்மா, உங்களுக்குக் கோவமே வராதா, யாரோ ஒருத்தி பேர உங்க கையாலயே வரைய வெக்கறாரேன்னு. நான் சிரிச்சுட்டு அவளுக்கு இன்னொரு கிண்ணம் ஊத்தினேன். அவரு எழுந்து தோட்டத்துப் பக்கம் போயிட்டாரு.

யாரா? எங்க பொண்ணும்மா.

இல்ல இல்ல, நீங்க கேட்டதுல ஒண்ணும் தப்பில்ல. உக்காருங்க. இருந்தா உங்க வயசுதான் இருக்கும். ஆஸ்பத்திரிக்குப் போற வழியில பஸ் ஜன்னல்லேர்ந்து பாத்தா ரெண்டு பக்கமும் நடவு நடக்குது, வயலெல்லாம் தண்ணி, சின்னச் சின்ன நாத்து. சனாயேன்னா அந்த நாத்துதானே. பொண்ணா இருந்தா இந்தப் பேருதான்னு நான் சொன்னேன். அவரு தலையாட்டினாரு. பொண்ணுதான். மூச்சு இல்லாமப் பொறந்தா. அப்பிடிப் பொறந்த புள்ளைய நம்ம ஊர்ல குடும்பப் பதிவேட்டுல ஏத்த மாட்டாங்க, உங்களுக்குத் தெரிஞ்சிருக்காது. ஆபீஸ்ல ஒரு தாளு குடுக்கணும், அதுல புள்ளைக்குப் பேரு எழுத எடமே கெடையாது. அம்மா பேரு உண்டு, அப்பா பேரு உண்டு. அந்தப் பேரு எங்கயும் ஏறல. அப்பறம் எங்களுக்கு ஒண்ணும் தங்கல.

சீக்கிரம் மறந்துடுங்கன்னு எல்லாரும் சொன்னாங்க. மறக்கறதுக்காக நாங்க ரெண்டு பேரும் வாயத் தொறக்கல. நான் பேசினா அவரு ஒடஞ்சு போயிடுவாருன்னு எனக்குப் பயம். அவருக்கும் அதே பயம்தான் போல. சில வருஷம் கழிச்சு புத்தகம் எழுத ஆரம்பிச்சாரு. மொத அத்தியாயத்த எங்கிட்ட குடுத்துட்டு மாடிக்குப் போனாரு. நான் இங்கதான், இந்த மேசையிலதான் உக்காந்து மொத மரத்தப் பிரிச்சேன். சனாயே பால் குடித்தாள். பேனாவுலேர்ந்து மை கொட்டிடுச்சு. வேற தாள் எடுத்து மறுபடி கோடு போட்டேன். பொண்ணு பேர கறுப்பு மையில, என் கையால, நல்லா ஸ்கேல் வெச்சு நேரா எழுதினேன். அதுலேர்ந்து எங்க வீட்ல அவளப் பத்திப் பேச்சு நடந்ததெல்லாம் இப்பிடித்தான். அவரு எழுதுவாரு, நான் வரைவேன்.

அழாதீங்கம்மா, நான் உங்கள அழ வெக்கறதுக்குச் சொல்லல. வேலையா வந்திருக்கீங்க, வெறுங்கையோட அனுப்ப மாட்டேன். முத்திரை குத்தித் தர்றேன். ஹனாகோன்னே போட்டுக்குங்க. முள்ளங்கி வாங்கறதுக்கும் ரயிலேறறதுக்கும் ஹனாகோ போதும். அதெல்லாம் அவரா வளத்த கதைதானே, அவரோட போகட்டும். ஒம்பதாவது அத்தியாயத்தையும் திருத்திடுங்க. வீட்டுக்கு வந்தாச்சுங்கற எடத்துல வட்டம் போடறதுதான் சரி. அவ வரலியே.

நாலாவது அத்தியாயத்துல அந்த ஒரு வாக்கியத்த மட்டும் விட்டுடுங்க. அது கதை இல்ல. ஆஸ்பத்திரில புள்ளைய என்னப் பாக்க விடல, பாத்தா மறக்க முடியாதுன்னு துணியில சுத்தி எடுத்துட்டுப் போயிட்டாங்க. அவருதான் பின்னாடியே போய்ப் பாத்தாரு. பொண்ணு எப்பிடி இருந்தான்னு நான் கேக்கல, அவரும் சொல்லல. அப்பறம் ஒரு நாள் அந்த மரம் வந்துது. வரைஞ்சு முடிச்சுட்டு மாடிக்கு எடுத்துட்டுப் போய் நெசமாவான்னு கேட்டேன். ம்னாரு. விரல் நீளமா இருந்துச்சுன்னு எனக்கு அப்பதான் தெரியும். அது ஒண்ணுதாம்மா எனக்குத் தெரியும்.

ஹனாகோ விரல யாரும்மா பாத்தாங்க?