தையல் பிரிக்காத அரையுறை

தோல் வாங்கப் போகிறவர் முதலில் கண்ணை நம்பக் கூடாது, இன்ஸ்பெக்டர் ஐயா. முகர்ந்து பார்க்க வேண்டும். நன்றாகப் பதப்படுத்திய கன்றுத்தோலில் மழைக்குப் பிந்திய மண்ணும் கொஞ்சம் மெழுகும் கலந்த மாதிரி ஒரு வாசம் வரும். மட்டமான தோலில் மாடு மட்டும்தான் இருக்கும்.

மேசைமேல் இருக்கும் அந்தக் கேமராவை உங்கள் கான்ஸ்டபிள் கோணிச்சாக்கில் சுற்றிக் கொண்டுவந்தார். சாக்கு நார் தோலைக் கீறும் என்று அவருக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை போலிருக்கிறது. போகட்டும். நீங்கள் கேட்ட விஷயத்துக்கு வருகிறேன்.

என் பெயர் செல்லசாமி. நோர்வூட்டுக்கு மேலே உள்ள தேயிலைத் தோட்டத்தில் பெரிய கிளாக்கர். பழைய துரை சீமைக்குத் திரும்பிய வருஷம், தன் ஜெர்மன் கேமராவை எனக்கு விற்றுவிட்டுப் போனார். அப்படியொரு கேமரா அந்தப் பக்கத்தில் வேறு யாரிடமும் இல்லை. கேமரா கிடைத்துவிட்டது, அதற்கேற்ற உறை இல்லை. என் கஷ்டமெல்லாம் அங்கேதான் ஆரம்பமாயிற்று.

உறையில் இரண்டு வகை உண்டு. முழு உறைக்கு மூடி இருக்கும். அது கேமராவை அப்படியே விழுங்கிவிடும். ஒருநாள் முழு உறையோடு அட்டன் பஸ்ஸில் ஏறினேன். பக்கத்துத் தோட்டத்துக் கிளாக்கர், "என்னங்க செல்லசாமி, பல்லுப் புடுங்குற சாமானா?" என்று கேட்டார். வீட்டுக்கு வந்ததும் அந்த உறையை என் மனைவி அசீரணச் சூரணம் போட்டு வைக்கக் கேட்டாள். கொடுத்துவிட்டேன்.

அரையுறை அப்படியல்ல. மனிதன் இடுப்புக்குக் கீழே வேட்டி கட்டுகிற மாதிரி அது கேமராவின் கீழ்ப்பாதியை மட்டும் மூடும். வெள்ளிபோல் மின்னும் தலை, திருகுகள், கண்ணாடி எல்லாம் ஊர் பார்க்க வெளியே இருக்கும். கையில் பிடித்தால் பிடி வழுக்காது. மரியாதையும் குறையாது.

அட்டனில் மஃறூப் நானா என்று ஒரு தோல் வேலைக்காரர் இருக்கிறார். துரைமார் குதிரைக்குச் சேணம் தைத்த கை. மதராஸிலிருந்து வந்த தோல்களை அவர் கடையில் விரித்துப் போட்டு, ஒரு பகல் முழுக்க முகர்ந்தேன். கறுப்பு வேண்டாம், அது பாதிரியார் சப்பாத்து மாதிரி இருக்கும். சிவப்பு கண்ணை உறுத்தும். கடைசியில் நல்ல தேயிலைச் சாயத்தின் நிறத்தில் ஒரு துண்டு கிடைத்தது.

"கிளாக்கரையா, அடியில திருகாணி வெச்சுத் தாறேன். வேணுங்கிற நேரம் கழட்டி மாட்டலாம்" என்றார் நானா.

"திருகாணிக்குத் துளை போடணுமே?"

"துளை இல்லாம எப்படி வைக்கிற?"

"துளை வேணாம் நானா. தோலை ஈரத்தோட கேமரா மேலயே இழுத்துத் தைச்சிருங்க."

அவர் தாடியைச் சொறிந்தார். "தைச்சா சரிதான். காஞ்சதும் ஒடம்போட ஒட்டிக்கும். ஆனா ஃபிலிம் மாத்த அடித்தட்டத்தானே தொறக்கணும்? தையலப் பிரிச்சா அது திரும்பச் சேராது, சொல்லிட்டேன்."

"ஒரு சுருள் போட்டுத்தான் கொண்டாந்திருக்கேன். முப்பத்தாறு படம் ஒரு மனுசனுக்குப் போதாதா?"

நானா சிரித்தார். "கேமராவுக்குக் கபன் துணி தைக்கச் சொல்றீங்க" என்றார். பிணத்தை மூடும் துணியைச் சொன்னார். அவருக்கு அது வேடிக்கை. தைத்து வந்த உறையை நீங்கள் பார்த்திருக்க வேண்டும், ஐயா. தோலும் இரும்பும் சேர்ந்தே பிறந்த மாதிரி இருந்தது. ஒரு சுருக்கம் கிடையாது. நான் கணக்காகத்தான் படம் எடுத்தேன். மகாராணி வந்தபோது அவர் கார் போன தூசியை ஒரு படம் எடுத்தேன். அதற்குமேல் எதையும் அவசரப்பட்டு எடுக்கவில்லை.

மாசியில் எங்கள் தோட்டத்தில் காமன் கூத்து. ரதி, மன்மதன் வேஷம் கட்டி, பொழுது சாய்வதற்குள் தொழிலாளர் குடியிருக்கும் லயம் லயமாகச் சுற்றிவருவார்கள். ரதி வேஷம் வருஷா வருஷம் அழகன் என்பவனுக்குத்தான். அந்த வருஷம் அவன் கந்தப்பளையில் இருந்த அக்காவைப் பார்க்கப் போய்விட்டான். சோலைமலை தன் பிள்ளைக்குக் காய்ச்சல் இறங்கினால் ரதி கட்டுவதாக நேர்ந்திருந்தான். இறங்கியது, கட்டினான்.

இந்தச் சோலைமலையை உங்களுக்குத் தெரியும். தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டுகிறவன். கொழுந்து நிறுக்கிற இடத்தில் கணக்கப்பிள்ளை கந்தப்பன் இவன் மனைவி நாகலெட்சுமியின் கூடையைக் காலால் தள்ளிவிட்டபோது, "ஒருநாளைக்கி ஒன்ன மலையிலயே சாய்க்கிறேன் பாரு" என்று எல்லோர் முன்னாலும் சொன்னவன். கோபத்தில் சொன்னது. கோபத்தில் எல்லோரும் ஏதாவது சொல்கிறார்கள்.

அன்றைக்கு ஊர்வலம் என் குவார்ட்டர்ஸ் வாசலுக்கு வந்தது. மேற்கு வெயில் மஞ்சளாக அடித்துக்கொண்டிருந்தது. என் மனைவி தேத்தண்ணி கொடுத்தாள். ரதி குடிப்பதற்காகக் கொண்டையையும் முக்காட்டையும் கழற்றிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டான். அரிதாரத்துக்கு மேலே அவன் நெற்றித் தழும்பு, முன்வழுக்கை, வாயில் தேத்தண்ணிக் கோப்பை. கழுத்துக்குக் கீழே தேவி, மேலே சோலைமலை. அப்படியொரு படம் வாழ்நாளில் ஒருமுறைதான் அமையும். எடுத்தேன்.

எடுத்த கையோடு ஆறாம் நம்பர் மலையிலிருந்து கூச்சல் கேட்டது. கந்தப்பன் தேயிலைக்குள் வெட்டுப்பட்டுக் கிடந்தார். உடம்பில் சூடு போகவில்லை. பக்கத்தில் கிடந்தது சோலைமலையின் கவ்வாத்துக் கத்தி. கத்திகளெல்லாம் பூட்டாத கொட்டகையில் இருப்பவை. யார் வேண்டுமானாலும் எடுக்கலாம். யார் எடுத்தார் என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. தெரிந்துகொள்வது என் உத்தியோகமும் இல்லை.

ஒரு ஆள் என் வாசலில் தேத்தண்ணி குடித்துக்கொண்டே ஆறாம் நம்பர் மலையில் வெட்ட முடியாது. எல்லோருக்கும் தெரியும். ஆனால் அரசாங்க வக்கீல் கெட்டிக்காரர். "ரதி கட்டியது வழக்கம்போல அழகன்தான். சோலைமலையைக் காப்பாற்ற லயமே கூடிப் பொய் சொல்கிறது" என்றார். அக்கா வீட்டில் இருந்தேன் என்று அழகன் சொன்னதையும் அந்தப் பொய்யில் சேர்த்துவிட்டார். சாட்சிகள் எல்லோரிடமும் ஒரே கேள்விதான் கேட்டார்: "வேஷக்காரனைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டீர்களா?"

எங்கள் தோட்டத்தில் காப்புக் கட்டி வேஷம் ஏறிவிட்டால் பெயர் சொல்லிக் கூப்பிடுகிற வழக்கம் கிடையாது. பெண்டாட்டியும் "தாயே" என்றுதான் சொல்ல வேண்டும். ஒரு வார்த்தை "ஆமாம்" என்றிருந்தால் போதும். கூத்து விஷயத்தில் பொய் சொன்னால் தெய்வக் குற்றம் வரும் என்று பயந்து, கிழவி மீனம்மா முதல் எல்லோரும், "இல்லீங்க, தாயேன்னுதாங்க கூப்பிட்டோம்" என்றார்கள். "முக்காட்டை எடுத்தப்போ பார்த்தோம்" என்று சொன்னதை யாரும் காதில் வாங்கவில்லை. நாகலெட்சுமியும் புருஷனை முன்னால் வைத்துக்கொண்டு அப்படியே சொன்னாள். படிக்காத ஜனங்கள்.

கோர்ட்டுக்கு முதல்நாள் அவள் என் வாசலுக்கு வந்திருந்தாள்.

"கிளாக்கரையா, அன்னைக்கி நீங்க படம் புடிச்சீங்கதானே. அதக் குடுத்தீங்கன்னா வக்கீலு அவர வெளிய எடுத்துருவேங்கிறாரு."

"ஃபிலிம் இன்னும் முடியல்ல நாகலெட்சுமி. பாதியில எடுக்கிறதில்ல."

"அப்ப மிச்சத்தப் புடிச்சு முடிச்சிருங்கய்யா. நானு நிக்கிறேன், புள்ளைங்க நிக்கும். பத்தலைன்னா எங்க லயத்து நாயி, கோழி எல்லாத்தயும் வரிசையா நிப்பாட்டுறேன். புடிச்சுத் தள்ளுங்க சாமி."

யோசனை நல்ல யோசனைதான். ஆனால் சிக்கல் எண்ணிக்கையில் இல்லை, தையலில். அதை அவளுக்கு எப்படிப் புரியவைப்பது? உறையைக் காட்டினேன். இதைப் பிரித்தால் திரும்பச் சேராது என்று விளக்கினேன்.

அவள் சேலைத் தலைப்பில் கையைத் துடைத்துவிட்டு ஒரு விரலால் தோலைத் தொட்டுப் பார்த்தாள். "மாட்டுத் தோலுதானேய்யா?" என்றாள்.

கன்றுத்தோல் என்று திருத்தினேன்.

"கன்னுக்குட்டியாவே இருக்கட்டும். அது செத்துப்போச்சுங்க. இவரு உசுரோட இருக்காரு."

"பார்க்கலாம்" என்று சொல்லி அனுப்பினேன். பார்த்தேன். உண்மையிலேயே பேனாக்கத்தியைக் கையில் எடுத்துக்கொண்டு மேசைமுன் உட்கார்ந்தேன். தையல் எறும்பு வரிசைபோல ஓடியது. எந்த இடத்தில் கத்தி வைப்பது? நீங்களே சொல்லுங்கள். அந்த வேலைப்பாட்டை அழித்துவிட்டால் நாட்டில் இன்னொன்று கிடையாது. கவ்வாத்து வெட்டுகிறவர்களோ எங்கள் தோட்டத்திலேயே ஏராளம். நியாயத்தை எல்லாப் பக்கமும் நிறுத்துப் பார்க்க வேண்டுமல்லவா?

கோர்ட்டில் எனக்கு நாற்காலி கொடுத்தார்கள். சோலைமலையின் வக்கீல் படம் எங்கே என்று கேட்டார். வெளிச்சம் பட்டு ஃபிலிம் கெட்டுவிட்டது என்றேன். "சரி, உங்கள் கண்ணால் பார்த்தீர்களே, அது சோலைமலைதானா?" என்றார். ஆமாம் என்றால் அரசாங்க வக்கீல் விடமாட்டார். கேமராவைக் கொண்டுவா, கெட்ட ஃபிலிமையாவது காட்டு என்பார். யாரோ ஒரு பியூன் கத்திரிக்கோலோடு வருவான். அதனால், "கேமரா வழியாகப் பார்க்கும்போது ஆள் தெரியாது, வெளிச்சம்தான் தெரியும்" என்றேன். நீதிபதி தலையை ஆட்டிக்கொண்டே எழுதினார். படித்தவர் பேசினால் படித்தவருக்குப் புரிகிறது.

கூண்டில் நின்ற சோலைமலை என்னைப் பார்த்தான். திட்டவில்லை. "ஐயா, தேத்தண்ணியில சீனி கூடிப்போச்சுன்னு சொன்னேனே, ஞாபகம் இல்லீங்களா?" என்று மட்டும் கேட்டான். பேசாமலிருக்கச் சொல்லி அவனை அதட்டினார்கள். அவன் அப்படிச் சொன்னது உண்மைதான். என் மனைவிக்குக்கூடக் கொஞ்சம் வருத்தம்.

மறு வருஷம் அவனைத் தூக்கில் போட்டார்கள். அன்றைக்கு நான் உறைக்கு மெழுகு தேய்த்தேன். மனது சரியில்லாதபோது கைக்கு ஒரு வேலை வேண்டும்.

அந்த ஐப்பசியில் எங்கள் பக்கம் விடாத மழை. அலுமாரிக்குள் வைத்திருந்தும் அரையுறை முழுக்க வெள்ளைப் பூஞ்சணம் பிடித்தது. துடைக்கத் துடைக்கத் தோல் ரொட்டிபோல் உதிர்ந்தது. என் துக்கத்தைச் சொல்லி முடியாது. மஃறூப் நானாவிடம் கொண்டுபோனேன். அவர் கத்திரிக்கோல்கூட எடுக்கவில்லை. விரலால் கிழித்தார், ஐயா. விரலால்.

ஃபிலிம் வெளியே வந்தது. அட்டன் ஸ்டூடியோக்காரர் கழுவிப் பார்த்துவிட்டு என்னைக் கட்டிப்பிடித்தார். ரதி படத்தைப் பெரிதாக்கி வாசல் கண்ணாடிப் பெட்டியில் மாட்டட்டுமா என்று கேட்டார். கலைக்கு மறைவு எதற்கு? மாட்டச் சொன்னேன்.

இந்த முறை புது உறைக்கு அடியில் ஒரு திறப்பும் அழுத்துபொத்தானும் வைக்கச் சொல்லியிருக்கிறேன். உங்கள் சாக்கில் வந்தது அதுதான். அனுபவத்திலிருந்து மனிதன் ஏதாவது கற்றுக்கொள்ள வேண்டும்.

போன ஞாயிற்றுக்கிழமை நாகலெட்சுமி அட்டன் சந்தைக்கு வந்திருக்கிறாள். நான் ஸ்டூடியோவுக்குள் இருந்தேன். கண்ணாடிப் பெட்டிமுன் ஒரு பெண் நெடுநேரம் நகராமல் நிற்பதைப் பார்த்ததும், ரசிக்கத் தெரிந்தவள் என்று வெளியே வந்தேன். அவள் அழவில்லை. படத்திலிருந்த கோப்பையையும் தழும்பையும் கண்ணாடிமேல் விரலால் தொட்டாள். பிறகு என் பக்கம் திரும்பினாள்.

"கிளாக்கரையா, இத எடுக்கையில அது அவருதான்னு ஒங்களுக்குத் தெரியுமா?"

நியாயமான கேள்வி. எனக்குப் பொய் சொல்லிப் பழக்கமில்லை.

"தெரியும்" என்றேன். "ஆள் யாருன்னு தெரியாம நான் பொத்தான அமுக்கிறதே இல்ல."