பதினாறாம் நாள் காரியம்

மலேசியாவில், குளுவாங்கிலிருந்து கூலாய் போகும் பேருந்து. எனக்கு முன் இருக்கையில் ஒரு கல்லூரி மாணவியும் அவளுடைய அண்ணியும். மாணவியின் மடியில் வரலாற்றுப் புத்தகம்.

“அண்ணி, அந்தக் காலத்து பிரான்ஸ்ல ஒருத்தன் கொலை செஞ்சிட்டா, செத்தவன் ஆளுங்க பழிவாங்குறேன்னு அவன் சொந்தக்காரங்களை நாப்பது நாளைக்குத் தொடக்கூடாதுன்னு ராஜா உத்தரவு.”

“இங்க செத்தவன் வீட்டாளுங்க பதினாறாம் நாள் காரியம் வரைக்கும்தான் காத்திருக்கானுங்க. நாளைக்கு முடியுது. அப்புறம் என் புருஷன்தான்.”

“வெட்டுனது சின்னண்ணன். லாக்கப்ல இருக்காரு. பெரியண்ணன் என்ன செஞ்சாரு?”

“கூடப் பொறந்தாரு.”

“போலீஸ்ல சொல்லலாம்லா. அந்த நாப்பது நாளும் ராஜாகிட்ட ஓடிப்போய்ப் பாதுகாப்பு கேக்கத்தானாம்.”

“கேட்டுட்டு வீட்டுக்குத்தானே வரணும்? ராஜா வந்து வாசல்ல நிப்பாரா?”

காவல் நிலைய நிறுத்தம் வந்தது. இறங்குவதற்கு அண்ணியேதான் மணியை அழுத்தினாள். கதவு திறந்தது. இருவரும் எழவில்லை. இறங்கச் சொல்லி ஓட்டுநர் மலாயில் கத்தினார்.