கீழ்ப்படியில் எனக்கு ஓர் இடம்

அவைக்குத் தலைமை ஏற்றிருக்கும் அம்மையார் ஹெல்வி அவர்களே! இந்த ஏரிக்கரையில் சவுனா என்னும் நீராவிக் குளியல் சங்கத்தின் அடுப்பு அணையாமல் காத்த மூத்தோரே! வெப்பத்தில் குளிப்பாட்டி எங்களை வளர்த்தெடுத்த தாய்மார்களே! முன்வரிசையில் முகம் கவிழ்ந்து அமர்ந்திருக்கும் என் நண்பன் எய்னாரியே! செயலாளன் வில்யோவின் வணக்கம்.

'சவுனா காப்பாற்றிய இதயம்' என்று எனக்குப் பேசத் தலைப்புத் தந்தீர்கள். மார்பிலே பதக்கமும் குத்தினீர்கள். கை தட்டாதீர்கள் ஐயா, பொறுங்கள்! தட்டிய கை பிறகு கூசும்.

வெப்பத்தில் பழகப் பழக இதயம் வலுக்கிறது. இரத்த ஓட்டம் குறையும் வேளையிலும் அது கூடுதலாகத் தாக்குப்பிடிக்கக்கூடும் என்கின்றன சில ஆய்வுகள். அதை ஊர் ஊராகச் சொன்னவன் நான். பாதியை மட்டும் சொன்னவனும் நான்! பழக்கம் விட்டுப்போனால் அந்த வலுவும் சில வாரங்களில் விட்டுப்போகும். படித்தேனா? படித்தேன். சொன்னேனா? சொல்லவில்லை.

இடுப்பு அறுவைக்குப் பிறகு மூன்று மாதம் சவுனாப் பக்கமே வராத எய்னாரி, சென்ற ஏப்ரலில் வந்தான். வந்தவன் கீழ்ப்படியில் அமர்ந்தான். வெப்பம் மிகுந்த மேல்படியில் ஆறு பேரும் நானும்.

"என்னடா, குழந்தைங்க படியில குந்திட்ட? வாத்து பொம்மை எடுத்தாந்தியா?"

"டாக்டரம்மா கீழயே உக்காரச் சொன்னாங்கடா. நெஞ்சு லேசா இறுக்குது."

"நாப்பது வருஷம் வெந்த நெஞ்சுடா அது! மூணு மாசத்துல ஆறிடுமா? ஏறி வாடா!"

ஆறு பேரும் சிரித்தார்கள். அவன் ஏறினான். அடுப்பின் மேல் கொதிக்கும் கல்லில் தண்ணீர் வார்த்தேன்; ஆவி பொங்கியது. "இன்னும் ஊத்தட்டுமா?" என்றேன். பதில் இல்லை. நம் ஊரில் பேசாதவன் சம்மதித்தவன் அல்லவா? இன்னொரு கரண்டி வார்த்தேன். அவன் என் தோளில் சாய்ந்தான்.

என்ன சொல்கிறீர்கள், பின்வரிசை ஐயா? வேடிக்கைக்குச் சொன்னதுதானா? ஆம், வேடிக்கைதான். அந்த வேடிக்கையில்தான் ஓர் உயிர் ஊசலாடியது.

ஆம்புலன்ஸில் ஏற்றும்போது என் கையைப் பிடித்தான். "நானாத்தான் ஏறினேன்னு சொல்லிடுடா. உம்பேரு கெட வேணாம்." மூச்சுக்குத் தவித்தவன் என் பெயரைக் காத்தான்! நான் எதைக் காத்தேன்? அவன் இதய அடைப்பை நீக்கிய மருத்துவரிடம் ஓடினேன்.

"சவுனாவுல பழகுன நெஞ்சுதானே காப்பாத்துச்சு?"

"அது தெரியாதுங்க. சீக்கிரம் கொண்டாந்தீங்க, பிழைச்சார். மேல்படிக்கு யாரு ஏத்துனது?"

"அவராத்தான் ஏறினார்" என்றேன். சவுனாதான் அவனைக் காப்பாற்றியது என்று மறுவாரம் செய்தித்தாளுக்குப் பேட்டியும் கொடுத்தேன். வெட்கமாக இருக்கிறது, தாய்மார்களே! ஏழு மாதமாக அவன் வீட்டு வாசலைத் தாண்டும்போதெல்லாம் தலை நிமிரவில்லை.

இதோ, பதக்கத்தைக் கழற்றி மேசையில் வைக்கிறேன். கீழ்ப்படியில் அமர்ந்தவனைக் கோழையாக்கிச் சிரித்தவன் நான். உண்மையைச் சொல்ல அஞ்சிய கோழையும் நானே! இன்று மாலை சங்கத்து அடுப்பு எரியும். எய்னாரி, கீழ்ப்படியில் உன் பக்கத்தில் எனக்கு ஓர் இடம் தருவாயா?

ஏதோ சொல்கிறான். சத்தமாச் சொல்லுடா!

"வா. ஆனா தண்ணிக் கரண்டி எங்கிட்டதான் இருக்கும்!"

சிரியுங்கள், நன்றாகச் சிரியுங்கள். இந்தச் சிரிப்பு என் மேல் விழட்டும். பொறுமையாய்க் கேட்ட அவைக்கு நன்றி. பொய் சொல்லச் சொல்லி என் பெயரைக் காத்த நண்பனுக்கு, மன்னிப்பு வேண்டி வணக்கம்.